நாய்க்கு வீடு கிடைத்தது... விலாசம் மட்டும் கேட்காதீர்கள்!

ஒரு நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ தத்தெடுக்க வருபவரிடம் எங்கள் காப்பகம் கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

பெயர், வயது, வேலை என்ன? சொந்த வீடா, வாடகை வீடா? வாடகை என்றால் ஹவுஸ் ஓனரின் போன் நம்பர் என்ன? வீட்டில் எத்தனை பேர்? பகலில் யார் இருப்பார்கள்? வீடு பூட்டியிருக்கும் நேரம் எது? சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம்? மொட்டை மாடிக்குக் கதவு உண்டா? வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா? யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா? முன்பு வளர்த்த நாய் எப்படி இறந்தது? மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும்? கடைசியில் ஆதார் நகல், போட்டோ, கையெழுத்து.

மொத்தம் நான்கு பக்கம். இதைப் படித்துவிட்டு என் கணவர் சொன்னார்: "வீட்டு லோன் வாங்கினப்பகூட நம்மகிட்ட இவ்வளவு கேட்கலையே! பூட்டியிருக்கிற நேரம், சுவரோட உயரம்... திருடன் கையில கிடைச்சா அவனுக்குப் பாதி வேலை மிச்சம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஃபார்ம்கள் இருக்கும் பீரோவின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு சிறிய காப்பகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறேன். குனிந்து நாய்களைக் குளிப்பாட்ட என் முழங்கால் சம்மதிக்காது. அதனால் தத்தெடுப்புப் பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்த நாய், எந்தத் தேதியில், யார் வீட்டுக்குப் போனது, தடுப்பூசி எப்போது, கருத்தடை ஆபரேஷன் ஆனதா... இதெல்லாம் என் கணக்கு.

ஏன் இவ்வளவு கேள்வி?

'ஒரு தெருநாய்க்குட்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு இத்தனை கெடுபிடியா?' என்று சிலர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. ஆனால், ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஏதோ ஒரு ஜீவன் பட்ட கஷ்டம் இருக்கிறது.

மொட்டை மாடிக் கதவைப் பற்றிக் கேட்பது, மாடியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த குட்டிகளைப் பார்த்ததால். கர்ப்பிணியைப் பற்றிக் கேட்பது, 'குழந்தை பிறக்கப்போகுது, நாய் வேண்டாம்னு பெரியவங்க சொல்றாங்க' என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் அதிகம் என்பதால். வருமானத்தைக் கேட்பது, முதல் வருடத்தில் தடுப்பூசி, குடற்புழு மருந்து, ஆபரேஷன் என்று செலவு வந்துகொண்டே இருக்கும் என்பதால். லாப்ரடார் மாதிரி ஜாதி நாய் வந்தால், குட்டி போடவைத்து விற்பதற்காகவே கேட்டு வரும் ஆட்களும் உண்டு. அவர்களை வடிகட்ட, வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக, கேள்விகளைக் குறைக்க முடியாது. நாயால் போன் செய்து 'என்னை அடிக்கிறார்கள்' என்று சொல்ல முடியாதே. அதற்காகத்தான் எடுத்துப்போகும் மனிதரைப் பற்றி நாம் நன்றாகத் தெரிந்துகொள்கிறோம்.

வங்கியிலும் இப்படித்தான். வாடிக்கையாளரைப் பற்றி எல்லாம் கேட்போம். ஆனால், ஒருவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கூடப்பிறந்த தம்பி வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். விலங்குக் காப்பகங்களில் முதல் பாதி நன்றாக நடக்கிறது. இரண்டாவது பாதியைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒரு போட்டோவால் வந்த வினை

தத்தெடுப்பு என்றாலே ஒரு போட்டோ எடுப்பது வழக்கம். குட்டியைக் கையில் ஏந்திய குடும்பம், பின்னால் வீட்டு வாசல், கீழே 'நம்ம பிஸ்கட்டுக்கு வீடு கிடைச்சாச்சு' என்று ஒரு வரி, தத்தெடுத்தவரின் பெயர், ஏரியா. பார்த்தவர்கள் ஹார்ட்டின் போடுவார்கள். நன்கொடை வரும். அடுத்த குட்டிக்கும் ஆள் வரும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், தனியாக வாடகைக்கு இருந்தவள், ஒரு கண் பார்வை இல்லாத பூனையைத் தத்தெடுத்தாள். கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனரின் மனைவியிடம் அனுமதி வாங்கியிருந்தாள். சந்தோஷத்தில் ஒரு தன்னார்வலர் வழக்கமான போட்டோவைப் போட்டுவிட்டார். அது நான்கு குரூப் சுற்றி, வெளியூரில் இருந்த ஹவுஸ் ஓனரின் அண்ணன் கண்ணில் பட்டது. 'நம்ம வீட்டு வாசல்ல பூனையோட நிக்கிறது யாரு?' என்று ஆரம்பித்த குடும்பச் சண்டை, 'மாசக் கடைசில காலி பண்ணிடும்மா' என்று அவள் தலையில் வந்து முடிந்தது.

அதோடும் விடவில்லை. பெயரும் ஏரியாவும் தெரிந்துவிட்டதால், முகம் தெரியாத ஒருவன் அவளுக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். 'பூனை எப்படி இருக்கு?' என்று தொடங்கி, 'தனியாவா இருக்கீங்க?' என்பதில் வந்து நின்றான். அவள் நம்பரை மாற்றினாள், வீட்டை மாற்றினாள். பூனையை மட்டும் விடவில்லை. "அது என்ன ஆன்ட்டி பண்ணிச்சு?" என்றாள் என்னிடம்.

கேட்டுக்கு வரும் மனிதர்கள்

போட்டோ இல்லாமலும் விலாசம் கேட்டு வருவார்கள். அதில் இரண்டு வகை.

முதல் வகை, பார்த்தவுடனே நமக்கு உள்ளுக்குள் மணி அடித்துவிடும். குடித்துவிட்டு நாயை அடித்துக் காலை முறித்தவர் ஒருவர். அந்த நாயை அவர் மனைவியே கொண்டுவந்து எங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து இவர் வந்து, "அது என் நாய். எங்க கொடுத்தீங்க? விலாசத்தைச் சொல்லுங்க, நானே போய்ப் பேசிக்கிறேன்" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? நாயை எடுத்தது ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. "ஏதாவது சொல்லணும்னா போலீஸ்ல எழுதிக் கொடுங்க சார். அவங்க வந்து கேட்டா அவங்ககிட்ட சொல்றோம்" என்றேன். அவர் போலீஸுக்குப் போகவில்லை.

இரண்டாவது வகைதான் கஷ்டம். மகனோடு அமெரிக்கா போவதற்காக, ஒன்பது வயது நாயை எங்களிடம் விட்டுப்போனார் ஓர் அம்மா. ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்தவர், நேராக இங்கேதான் வந்தார். "ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்மா. தூரத்துல நின்னு பார்க்கிறேன். தெரு பேரு மட்டும் சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பேசும்போதே அழுகை.

எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால், தெருப் பெயரைச் சொல்லவில்லை. அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, நாயை வளர்க்கும் வீட்டுக்கு நானே போன் செய்து கேட்டேன். அவர்கள் யோசித்துவிட்டு, "நேர்ல வேண்டாம் மேடம். இப்பதான் ராத்திரி அழாம தூங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார்கள். ஆனால், அன்று மாலையே மூன்று போட்டோ அனுப்பினார்கள். வேப்பமரத்தடியில் படுத்திருக்கிறது, தயிர்சாதம் சாப்பிடுகிறது, ஒரு சின்னப் பெண்ணின் மடியில் தலை வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்துவிட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். "எளச்சுப்போகல. அது போதும்" என்று பதில் வந்தது.

விலாசம் கொடுக்காமலே ஒருவர் மனதை ஆற்ற முடியும் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

ராத்திரியில் கட்டிப்போட்ட நாய்

இதெல்லாம் மனிதர்களின் பாடு, நாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

தத்தெடுத்த ஐந்தாவது நாள் ஒரு குட்டி பார்வோ வந்து இறந்துவிட்டது. குட்டிகளைக் கொண்டுபோகும் கொடிய வைரஸ் அது. வாந்தி, ரத்தக் கழிச்சல். கிருமி உடம்பில் நுழைந்து, பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதாவது, புது வீட்டுக்குப் போகும் முன்பே அந்தக் குட்டிக்குத் தொற்று இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தக் குடும்பம் மூன்று நாள் ராத்திரியும் டிரிப்ஸ் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு அலைந்தது.

ஆனால், ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ, 'இவர்களிடம் கொடுத்த குட்டி ஒரே வாரத்தில் செத்துவிட்டது, இனி யாரும் கொடுக்காதீர்கள்' என்று பெயரையும் நம்பரையும் போட்டுவிட்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? நாள் முழுக்க போன். திட்டு, சாபம். பத்தாவது படிக்கும் அந்த வீட்டுப் பையன், "நாமதான் கொன்னுட்டோமாம்மா?" என்று கேட்டானாம்.

அது நடந்து சில வாரம் கழித்து, ஒரு காலையில் எங்கள் கேட்டில் நாய் ஒன்று கட்டப்பட்டிருந்தது. கழுத்தில் நூலால் கட்டிய சீட்டு. 'அபார்ட்மென்ட்டில் பிரச்னை. வைத்துக்கொள்ள முடியவில்லை. பெயர் போட பயமாக இருக்கிறது. மன்னிக்கவும்.' அது எங்கள் காப்பகத்திலிருந்து போன நாய்தான். ராத்திரி முழுக்க மழை. குளிரில் நடுங்கி, கயிற்றைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் புண்.

இது கேட் வரைக்குமாவது வந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்படும் நாய்கள் எத்தனையோ. 'திருப்பிக் கொடுத்தால் நம் பெயரை நாறடித்துவிடுவார்கள்' என்ற பயம் வந்துவிட்டால், நல்ல மனிதர்கள்கூடக் கள்ளத்தனமாகத்தான் நடப்பார்கள். தத்தெடுப்பவரின் பெயர் பத்திரமாக இருந்தால்தான் நாய்க்குத் திரும்பிவர ஒரு வாசல் திறந்திருக்கும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

மடியில் கனம்

எங்கள் தன்னார்வலர்களில் பலர் கல்லூரிப் பிள்ளைகள். தங்கமானவர்கள். பதிவேட்டைப் பற்றி நான் பேசியபோது ஒரு தம்பி கேட்டான், "ஆன்ட்டி, மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு? நல்லா வளர்க்கிறவங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?"

"கண்ணா, எங்க பேங்க்ல லாக்கர் வெச்சிருந்த பாட்டிகள் எல்லாம் திருடிக்கொண்டு வந்தா வெச்சாங்க? நகை அவங்களோடதுதான். மடியில கனம் எல்லாருக்கும் இருக்கு. தனியா இருக்கிற பொண்ணுக்கு அவ விலாசம் கனம். வாடகை வீட்டுக்காரங்களுக்கு ஹவுஸ் ஓனர் கனம். புருஷன்கிட்டயிருந்து தப்பிச்சு வந்து, துணைக்கு ஒரு நாய் வெச்சிருக்கிறவளுக்கு அவ இருக்கிற ஊர் பேரே கனம். அதை இறக்கிவெச்சுட்டு நடன்னு சொல்ல நாம யாரு?" என்றேன்.

அவன் விடவில்லை. "முகமே இல்லாத போட்டோவுக்கு யாரு ஆன்ட்டி லைக் போடுவாங்க?" நியாயமான கேள்விதான். போட்டோதானே அடுத்த குட்டிக்கு வீடு தேடித் தருகிறது? அதற்கு வழி கண்டுபிடித்ததும் அவன்தான். நாயின் முகத்தை மட்டும் பெரிதாக எடுத்து, காப்பகத்துக்கு வந்த அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தான். சொறி பிடித்து எலும்பும் தோலுமாக ஒன்று, புது பெல்ட்டோடு மெத்தையில் ஒன்று. மனிதர்கள் இல்லாத அந்தப் படத்தைத்தான் ஜனங்கள் அதிகம் பகிர்ந்தார்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வந்தன. ஒருவரின் விவரத்தை வாங்கினால், எதற்காக வாங்குகிறோம் என்று புரியும்படி சொல்லி சம்மதம் பெற வேண்டும்; தமிழில் வேண்டுமென்றால் தமிழில் தர வேண்டும்; கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. காகிதத்தில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிய விவரத்துக்கும் இது பொருந்தும். பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர, விதிகள் வந்ததிலிருந்து 18 மாத அவகாசம் இருக்கிறது. பண்பாக நடந்துகொள்ள அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுமா என்ன?

தெருநாய் விஷயத்தில் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும் நேரம் இது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புபவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் சொன்னது. அப்படி முன்வரும் ஒருவரின் பெயர் பக்கத்து வீட்டுச் சண்டைக்குத் தீனியாகிவிடக் கூடாது.

நாங்கள் செய்வது

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆதார் நகலில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரை வாங்குகிறோம். ஃபார்ம்கள் பீரோவில், சாவி இரண்டு பேரிடம். வீட்டைப் பார்க்கப் போகும் தன்னார்வலருக்கு அந்த ஒரு விலாசம் மட்டும் தருவோம். வேலை முடிந்ததும் போனிலிருந்து அழித்துவிட வேண்டும்.

நாயைத் தர ஒரு கையெழுத்து, போட்டோ போட தனிக் கையெழுத்து. போட்டோ வேண்டாம் என்றாலும் நாய் உண்டு. போட்டால், வீட்டு எண், வண்டி நம்பர் பிளேட், குழந்தையின் ஸ்கூல் யூனிஃபார்ம் எதுவும் தெரியக் கூடாது.

யாராவது நாயைக் கொடுமைப்படுத்துவதாகத் தெரிந்தால் மூடி மறைப்பதில்லை. 1960-ம் வருட மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி குற்றம். போலீஸில் எழுத்தில் புகார் கொடுப்போம், கேட்கும் விவரத்தை அவர்களிடம் தருவோம். வாட்ஸ்அப் குரூப்பில் போட மாட்டோம்.

நீங்கள் தத்தெடுக்கப் போகிறீர்களா?

கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லுங்கள். கூடவே நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஃபார்மை யார் யார் பார்ப்பார்கள்? என் போட்டோவை எங்கே போடுவீர்கள்? ஒருவேளை வளர்க்க முடியாமல் போனால் யாரிடம் சொல்ல வேண்டும்? நல்ல காப்பகம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

நாயின் கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருந்தால் போதும். உங்கள் பெயரோ வீட்டு விலாசமோ வேண்டாம். சென்னை மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கேட்கிறது. அதைப் பார்த்து சிலர் பயப்படுகிறார்கள். அரிசி அளவே இருக்கும் அந்தச் சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். பேட்டரி கிடையாது, நீங்கள் போகும் இடத்தை அது யாருக்கும் காட்டாது. உங்கள் பெயரும் விலாசமும் பதிவேட்டில்தான் இருக்கும். நாய் தொலைந்து, யாராவது ஸ்கேன் செய்தால் எண் தெரியும். அதை வைத்துப் பதிவேட்டில் தேடினால்தான் நீங்கள் கிடைப்பீர்கள். நாய்க்கு அடையாளமும் வேண்டும், உங்கள் விவரம் கண்டவர் கையிலும் போகக் கூடாது என்றால், இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. "மேடம், மாமனாருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கோம். ஜிம்மியைப் பார்த்துக்க முடியல. திட்டாதீங்க..." என்றார் அந்தப் பெண். "திட்டறதுக்கு என்ன இருக்கு? கூட்டிட்டு வாங்க" என்றேன்.

பட்டப்பகலில், ஆட்டோவில், எல்லோரும் பார்க்க வந்து இறங்கினார்கள். தடுப்பூசி அட்டை, சாப்பாட்டுத் தட்டு, அது படுத்துத் தூங்கும் பழைய போர்வை, எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்கள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், முருங்கைக்கீரை போட்ட சாதம் பிடிக்கும், குழந்தைகளிடம் சாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் படித்துத்தான் அடுத்த வீட்டுக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றே வாரத்தில் ஜிம்மிக்குப் புது வீடு.

இப்போது அது சௌக்கியமாக இருக்கிறது. முருங்கைக்கீரை சாதமும் கிடைக்கிறதாம். எந்த ஏரியா, எந்தத் தெரு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.